வேலூரில் கௌரவப் பட்டம் பெற்றவர்களுக்கு ஒரு பொதுப் பதிவேடு: தொடங்குவது எப்படி, காப்பது எப்படி

நம்ம ஊரில் எந்தப் பாராட்டு விழா அழைப்பிதழை எடுத்தாலும் ஆளின் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. முன்னால் நாலு பட்டம், பின்னால் மூன்று. இதில் எது அரசு கொடுத்தது, எது பல்கலைக்கழகம் கொடுத்தது, எது நண்பர்கள் சேர்ந்து மண்டபம் பிடித்துக் கொடுத்தது என்று கேட்டால் விழா நடத்தியவருக்கே தெரியாது. பழைய காலத்து ஆட்கள் என்றால் இன்னும் குழப்பம். ஒரே மனிதரைப் பள்ளிக்கூடக் கல்வெட்டில் ராவ் சாகிப் என்றும் தெருப் பலகையில் ராவ் பகதூர் என்றும் எழுதியிருப்பார்கள், இரண்டுமே சரியாகவும் இருக்கும்.

இதையெல்லாம் ஒரே இடத்தில், ஆதாரத்தோடு, யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி எழுதி வைப்பதுதான் பதிவேடு. வார்டு நலச்சங்கம், நூலக வாசகர் வட்டம், கல்லூரி வரலாற்றுத் துறை, யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். மாநகராட்சியே செய்தால் நல்லதுதான், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

முதல் வேலை: எதைப் பதிகிறோம் என்று முடிவு செய்வது

பலரும் முதலில் 'வேலூரின் பெருமைக்குரியவர்கள்' என்று ஒரு தலைப்புப் போட்டுவிட்டுப் பெயர்களை அடுக்க ஆரம்பிப்பார்கள். அது பதிவேடு ஆகாது, பாராட்டு மலர். நாம் பதிவது ஆளின் பெருமையை அல்ல, நடந்த ஒரு செயலை: இன்ன அமைப்பு, இன்ன தேதியில், இன்ன தாளின் வழியாக, இன்னாருக்கு இந்தப் பட்டத்தைக் கொடுத்தது. அவர் அதற்குத் தகுதியானவரா இல்லையா என்பது நம்ம வேலையே இல்லை. இதை முதல் நாளே குழுவில் பேசித் தெளிவாக்கிவிட்டால், பின்னால் வருகிற சண்டைகளில் பாதி வராது.

அதனால் ஒரு ஆளுக்கு ஒரு வரி என்று வைக்காதீர்கள். ஒரு பட்டத்துக்கு ஒரு வரி. பிரிட்டிஷ் காலத்தில் ராவ் சாகிப் வாங்கியவர் சில வருடம் கழித்து ராவ் பகதூர் ஆவார், சிலர் அதற்கும் மேலே திவான் பகதூர் வரை போவார்கள். முஸ்லிம்களுக்கு கான் சாகிப், கான் பகதூர் என்று வரும். ஒரு ஆளுக்கு ஒரு வரி என்று வைத்தால் கடைசிப் பட்டம் மட்டும் நிற்கும், அப்புறம் 'கல்வெட்டில் வேற மாதிரி இருக்கே' என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

எக்செல் அல்லது கூகுள் ஷீட் போதும். வரிசை எண், மூலத்தில் உள்ளபடி பெயர், இன்று அறியப்படும் பெயர், பட்டம், வகை, கொடுத்த அமைப்பு, அறிவித்த தேதி, கையில் கொடுத்த தேதி, மூலத்தில் உள்ள ஊர், இன்றைய மாவட்டம், ஊருக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு, ஆதாரம், இன்றைய நிலை. இவை ஒவ்வொன்றுக்கும் ஷீட்டில் ஒரு பத்தி (column). அறிவித்த தேதியையும் கொடுத்த தேதியையும் பிரித்து வைப்பது முக்கியம். பழைய பட்டங்கள் அரசிதழில் வந்த பிறகு, சன்னதும் (பட்டம் கொடுத்ததற்கான அரசுப் பத்திரம்) வில்லையும் (பதக்கம்) கலெக்டர் கையால் வேறொரு நாள் வந்து சேரும். குடும்பத்தார் நினைவில் இருப்பது அந்த இரண்டாவது தேதி, அரசிதழில் இருப்பது முதல் தேதி. இரண்டும் பொருந்தவில்லை என்று யாரையும் பொய்யர் ஆக்கிவிடக் கூடாது.

எது உள்ளே, எது வெளியே

இங்கேதான் சட்டம் கொஞ்சம் தெரிய வேண்டும். அரசியலமைப்பின் 18ஆவது பிரிவு, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் தவிர வேறு எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக் கூடாது என்கிறது. இந்தியக் குடிமகன் எவரும் வெளிநாட்டு அரசிடம் பட்டம் வாங்கவும் கூடாது. அப்படியானால் பத்ம விருதுகள்? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கே போனது. 1995 டிசம்பரில் வந்த தீர்ப்பு, பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் 18ஆவது பிரிவு தடுக்கிற பட்டங்கள் அல்ல, ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ அவற்றைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்றது. பிளக்ஸ் பேனரில் எழுதுபவர்கள் கேட்பார்களா, விடுங்கள். நம்ம பதிவேட்டில் பெயர்ப் பத்தியில் 'பத்மஸ்ரீ' என்று எழுதவே கூடாது. அது விருதுப் பத்தியில் இருக்கட்டும்.

'வகை' என்கிற பத்தியில் ஐந்து போதும்: 1947-க்கு முந்தைய அரசுப் பட்டம், இந்திய அல்லது தமிழ்நாட்டு அரசு விருது, உள்ளாட்சி மன்றத் தீர்மானத்தால் வந்த கௌரவம், கௌரவ டாக்டர் பட்டம், கௌரவப் பதவி. கடைசியாகச் சொன்னதைப் பட்டத்தோடு கலக்காதீர்கள். ஆனரரி மாஜிஸ்திரேட் என்று பழைய வீட்டு வாசல் பலகையில் பார்த்திருப்பீர்கள். அது பட்டம் அல்ல, சம்பளமில்லாத பதவி. அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, அதனால் 'முதல்', 'வரை' என்று இரண்டு தேதி வேண்டும். ராவ் பகதூருக்கு முடிவுத் தேதி கிடையாது.

கௌரவ டாக்டர் பட்டம்தான் தலைவலி. பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு என்பதை 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 22ஆவது பிரிவில் சொல்கிறது: மத்திய, மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம். அவ்வளவுதான். ஹோட்டல் ஹாலில் அங்கியும் தொப்பியும் மாட்டிவிட்டு ஒரு 'சர்வதேச கவுன்சில்' கொடுத்தது இதில் வராது. 2023-இல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக அரங்கத்தையே பிடித்து ஒரு தனியார் அமைப்பு இப்படிப் பட்டங்களை வழங்கி, அது போலீஸ் வழக்கு வரை போனது. அரங்கம் உண்மையானது என்பதால் பட்டமும் உண்மை ஆகிவிடாது. கொடுத்த நிறுவனத்தின் பெயரை மானியக் குழு வெளியிடும் பல்கலைக்கழகப் பட்டியலிலும், அதே குழு வெளியிடும் போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலிலும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

சங்கங்களும் மன்றங்களும் தருகிற செம்மல், மாமணி, சுடர், திலகம் வகைகளை என்ன செய்வது? என் கருத்து, பிரதானப் பதிவேட்டில் வேண்டாம். தனியாக ஒரு பின்னிணைப்பு வைத்து, கொடுத்த அமைப்பு, தேதி, அழைப்பிதழ் நகல் என்று மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். 'கலைமாமணி' இந்தக் கூட்டத்தில் சேராது, அது தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழியாக வருகிற அரசு விருது. பெயரின் ஓசை ஒரே மாதிரி இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். மேயர் போர்த்திய பொன்னாடையும் பதிவேட்டில் ஏறாது. மாமன்றத் தீர்மான எண் இருந்தால் ஏறும்.

'வடஆற்காடு' என்றால் எந்த வடஆற்காடு

இதைச் சரியாகச் செய்யாமல் விட்டால் மொத்தப் பதிவேடும் குழம்பிப் போகும். 1911 வரை வடஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம் சித்தூர். அந்த வருடம் சித்தூர் மாவட்டம் தனியாகப் பிரிந்த பிறகுதான் வேலூர் தலைநகரம் ஆனது. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. ஆக 1905-ஆம் வருட அரசிதழில் 'வடஆற்காடு' என்று ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்தால், அவர் திருப்பதிக்காரராக இருக்கலாம், ஆரணிக்காரராக இருக்கலாம், குடியாத்தத்துக்காரராகவும் இருக்கலாம். அதனால்தான் மூலத்தில் உள்ள ஊர், இன்றைய மாவட்டம் என்று இரண்டு பத்தி கேட்டேன். முதல் பத்தியில் தாளில் உள்ளதை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

அடுத்தது ஊருக்கும் ஆளுக்கும் உள்ள தொடர்பு. டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணனை எடுத்துக்கொள்வோம். 1888-இல் திருத்தணிப் பக்கம் பிறந்தார், அன்றைக்கு அது வடஆற்காடு. 1911-இல் அந்தப் பகுதி சித்தூர் மாவட்டத்துக்குப் போய், 1960-இல் தமிழகத்துக்குத் திரும்பி, இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. வேலூர் ஊரீஸ் கல்லூரியில் படித்தவர். 1931-இல் சர் பட்டம், 1954-இல் பாரத ரத்னா. அவருக்கு நம்ம பதிவேட்டில் குறைந்தது இரண்டு வரி, தொடர்பு 'பிறப்பு, படிப்பு'. சுதந்திரத்துக்குப் பிறகு அவர் 'சர்' போட்டுக்கொள்ளவில்லை, அதைக் குறிப்பில் எழுதலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கிய டாக்டர் ஜேக்கப் சாண்டி (1964, பத்ம பூஷண்), சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் (1972, பத்மஸ்ரீ) இருவரும் கேரளத்தில் பிறந்தவர்கள், ஆனால் வேலை செய்த ஊர் வேலூர். தொடர்பு 'பணி'.

இப்போது எதிர்ப்பக்கம். ஆற்காடு லட்சுமணசாமி முதலியார், ஆற்காடு ராமசாமி முதலியார் என்ற இரட்டையரைப் பெயரைப் பார்த்ததும் நம்ம ஊர் என்று சேர்த்துவிடத் தோன்றும். 1887-இல் அவர்கள் பிறந்தது கர்நூலில். ஆற்காடு என்பது குடும்பத்தோடு வந்த பெயர். லட்சுமணசாமி முதலியாருக்கு 1954-இல் பத்ம பூஷண், 1963-இல் பத்ம விபூஷண், முன்னதாக சர் பட்டம் வேறு. மூன்றையும் சேர்க்க ஆசையாகத்தான் இருக்கும். தொடர்பு 'பெயர் மட்டும்' என்று வகுத்துத் தனித்தாளில் வையுங்கள். ஆற்காடு இளவரசரும் அப்படித்தான். 1855-இல் கர்நாடக நவாப் ஆட்சி முடிந்த பிறகு அந்தக் குடும்பத்துக்கு பிரிட்டிஷ் அரசு கொடுத்த பரம்பரைப் பட்டம் அது, அவர்கள் இருப்பது சென்னை ராயப்பேட்டை அமீர் மகாலில். அதே சமயம், 'நவாப்' என்று பார்த்த உடனே அந்த வம்சம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. மேல்விஷாரத்தில் கல்லூரிக்குப் பெயராக இருக்கிற நவாப் சி. அப்துல் ஹக்கீம் வணிகர், கொடையாளர், ஆற்காடு நவாப் குடும்பத்தவர் அல்ல.

காமராஜர்? 1954-இல் குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்றார், 1976-இல் பாரத ரத்னா. குடியாத்தத்துக்காரர்கள் கேட்கத்தான் செய்வார்கள். 'தொகுதி' என்று ஒரு தொடர்பு வகையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முதலிலேயே விதியாக எழுதிவிடுங்கள். நான் சேர்க்க மாட்டேன், சேர்த்தால் அப்புறம் இங்கே தேர்தலில் நின்ற எல்லோரும் வந்துவிடுவார்கள்.

ஆதாரம் தேடுவது

பிரிட்டிஷ் காலப் பட்டங்களுக்கு வருடத்தில் இரண்டு நாள் அரசிதழைப் பார்த்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும்: ஜனவரி முதல் தேதி, மன்னர் பிறந்தநாள். ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் காலத்தில் அது ஜூன் மாதம். இந்திய அரசிதழும் புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழும் (சென்னை மாகாண அரசின் கெஜட்) எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆராய்ச்சிக்கென்று விண்ணப்பித்து அனுமதி வாங்கிப் பார்க்கலாம். பக்கத்திலேயே கன்னிமாரா நூலகம் இருப்பதால், சென்னை போகிற நாளில் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். காட்பாடியில் காலை ரயில் பிடித்தால் மதியத்துக்குள் வேலையை ஆரம்பிக்கலாம்.

பத்ம விருதுகளுக்கு அலைச்சலே இல்லை, உள்துறை அமைச்சகம் ஆண்டுவாரியாகப் பட்டியல் வைத்திருக்கிறது. ஒரு சின்னச் சோதனை மட்டும் நினைவில் இருக்கட்டும்: 1978, 1979 ஆண்டுகளிலும் 1993 முதல் 1997 வரையிலும் பத்ம விருதுகள் வழங்கப்படவில்லை. யாராவது '1995-இல் பத்மஸ்ரீ' என்று நினைவு மலரில் போட்டிருந்தால் வருடம் தப்பு, அல்லது பட்டமே வேறு.

உள்ளாட்சிக் கௌரவங்களுக்குத்தான் நிஜமான உழைப்பு வேண்டும். வேலூர் நகராட்சி 1866-இல் அமைந்தது, 2008-இல் மாநகராட்சி ஆனது. தீர்மானங்கள் மன்றத்தின் மினிட் புத்தகங்களில் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பேடுகள்) இருக்கும். சத்துவாச்சாரி, தாராபடவேடு போன்ற பகுதிகள் தனி உள்ளாட்சிகளாக இருந்து பிறகு மாநகராட்சிக்குள் வந்தவை, அவற்றின் பழைய புத்தகங்கள் இன்று மண்டல அலுவலகத்தில் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று பொறுமையாகக் கேட்க வேண்டியிருக்கும். இன்னொன்று, 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி தேர்தல் வரை தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை, தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். அந்தக் காலத்துக்கு மாமன்றத் தீர்மானம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், தனி அலுவலரின் நடவடிக்கைக் குறிப்புகளைக் கேளுங்கள்.

நேரில் கேட்டுக் கிடைக்கவில்லையா, தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. 'கௌரவிக்கப்பட்டவர்கள் அனைவரின் விவரம் தருக' என்று கேட்டால் 'அப்படித் தொகுத்து வைக்கவில்லை' என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும், அதில் தப்பும் இல்லை. 'இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரையிலான மன்றக் கூட்ட மினிட் புத்தகங்களை நேரில் பார்வையிட அனுமதியும், நான் குறிக்கும் பக்கங்களின் நகலும் தேவை' என்று கேளுங்கள். 20 ஆண்டுக்கு முன் நடந்த விஷயங்களுக்கு அந்தச் சட்டத்தின் 8(3) பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. தனிப்பட்ட தகவல் என்று காரணம் சொல்லி மறுக்க முடியாது.

ஒவ்வொரு வரிக்கும் ஆதாரத்தின் தரத்தைக் குறிப்பது நல்லது. அரசிதழ், தீர்மானம், பட்டமளிப்பு விழாப் பதிவு இருந்தால் 'உறுதி'. அந்தக் காலப் பத்திரிகைச் செய்தி, கல்வெட்டு, சன்னது போட்டோ என்றால் 'ஏற்கலாம்'. லெட்டர் பேடு, பேனர், வாய்மொழி என்றால் 'நிலுவை', அது வெளியிடும் பிரதியில் வராது.

பெயர் எழுதுவது

பழைய தாள்கள் ஆங்கிலத்தில் இருக்கும், ஒரே முதலியாரை மூன்று விதமாக எழுத்துக்கூட்டியிருப்பார்கள். சாதிப் பின்னொட்டு பற்றிக் கட்டாயம் விவாதம் வரும். என் யோசனை: மூலப் பெயர்ப் பத்தியில் தாளில் உள்ளபடி, ஒரு எழுத்துகூட மாற்றாமல். இன்று அறியப்படும் பெயர்ப் பத்தியில் அவரோ குடும்பமோ பயன்படுத்துகிற வடிவம். அகர வரிசை இரண்டாவது பத்தியை வைத்து. 'ராவ் பகதூர்' என்பதால் அவரை 'ரா'வில் கொண்டுபோய் வைக்காதீர்கள், கான் பகதூர்கள் எல்லோரும் 'கா'வில் கூட்டமாக நிற்பார்கள்.

எல்லாமே யூனிகோடில் இருக்கட்டும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பட்டியல் கிடைத்தால் மாற்றிவிட்டு ஒருமுறை கண்ணால் படியுங்கள், கொம்பும் துணைக்காலும் இடம் மாறியிருக்கும். எழுத்துக் குறியீட்டு எண்ணின்படி வரிசைப்படுத்தினால் ந-வுக்கு அடுத்து ன-வும், ர-வுக்கு அடுத்து ற-வும் வந்து நிற்கும். அச்சுப் பிரதிக்கு முன் அதைக் கையால் சரிசெய்ய வேண்டும்.

உயிரோடு இருப்பவர்கள், கோபப்படுகிறவர்கள்

உயிரோடு இருப்பவர் என்றால் பெயர், பட்டம், கொடுத்தவர், தேதி, ஆதாரம். இதோடு நிறுத்துங்கள். முகவரி, போன் நம்பர், பிறந்த தேதி, சாதி, குடும்ப விவரம் எதுவும் வேண்டாம். போட்டோ அவர் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் மட்டும். அரசிதழில் வந்ததை எடுத்தெழுதுவது ஒன்று, அவர் வீட்டு விலாசத்தை ஊருக்கே கொடுப்பது வேறு.

சேர்க்கச் சொல்லி வருகிறவர்கள்தான் அதிகம். 'இன்னாப்பா, எங்க தாத்தாவுக்கு வெள்ளைக்காரன் காலத்துலயே பட்டம், ஊருக்கே தெரியும், உங்க லிஸ்ட்ல இல்லையே?' என்று பெரியவர் ஒருவர் கேட்டால், 'இருக்கலாம் ஐயா, வீட்டுல சன்னதோ வில்லையோ இருந்தா ஒரு போட்டோ குடுங்க, இல்லன்னா எந்த வருஷம்னு சொல்லுங்க, நாங்களே கெஜட்டுல பாக்கறோம்' என்று சொல்லுங்கள். வாக்குவாதம் வேண்டாம். வருடம் தெரிந்தால் நிஜமாகவே போய்ப் பாருங்கள், பல நேரம் கிடைக்கும். இல்லை என்று சொல்வதற்கும் எந்தெந்த ஆண்டு அரசிதழைப் பார்த்தோம் என்று எழுத்தில் கொடுங்கள். சேர்ப்பதற்குப் பணமோ, விளம்பரமோ, விழா நன்கொடையோ வாங்கினால் அன்றோடு பதிவேடு முடிந்தது.

ரத்து, துறப்பு, திருத்தம்

பத்ம விருது விதிகளிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. பெற்றவர்களின் பெயர் அரசிதழில் வெளியாகும், குடியரசுத் தலைவரின் உத்தரவின்கீழ் ஒரு பதிவேடு இருக்கும், விருதை ரத்து செய்தால் பெயர் அந்தப் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். ஆனால் அதை அப்படியே பின்பற்ற வேண்டாம் என்பது என் கருத்து. கொடுத்தது நடந்தது, ரத்தும் நடந்தது, இரண்டையும் எழுதுங்கள். வரியை அழிக்காமல் 'இன்றைய நிலை' பத்தியில் 'ரத்து' என்றும் தேதியும் ஆதாரமும் போடுங்கள். காந்தியடிகள் 1920-இல் ஒத்துழையாமை இயக்கத்தில் பட்டங்களைத் துறக்கச் சொன்னபோதும், முஸ்லிம் லீக் 1946-இல் அதையே தன் உறுப்பினர்களிடம் கேட்டபோதும் பட்டம் துறந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு 'துறந்தார்' என்பதுதான் பதிவேட்டில் முக்கியமான சொல், அதை விட்டுவிட்டு 'கான் பகதூர்' என்று மட்டும் போட்டால் அவர் விருப்பத்துக்கே விரோதம்.

திருத்தங்களுக்குத் தனியாக ஒரு தாள்: வரிசை எண், முன்பு இருந்தது, இப்போது உள்ளது, காரணம், திருத்திய தேதி, திருத்தியவர். யார் வேண்டுமானாலும் திருத்தம் கேட்கலாம், ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லிவிட வேண்டும். திருத்துகிறவரும் ஒப்புதல் தருகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, அதிலும் சொந்தக்காரர் பெயர் வருகிற வரிக்கு அந்த உறுப்பினர் கையே வைக்கக் கூடாது.

வெளியிடுவது

வருடத்துக்கு ஒருமுறை பதிப்பு எண் போட்டு வெளியிடுங்கள். பத்ம அறிவிப்பு குடியரசு தினத்தை ஒட்டி வருவதால் மார்ச் மாதம் தோதாக இருக்கும். எல்லோரும் திறக்கக்கூடிய ஷீட் ஒன்று, பி.டி.எஃப். ஒன்று, அச்சடித்த பிரதி மாவட்ட மைய நூலகத்துக்கு ஒன்று, மாநகராட்சி அலுவலகத்துக்கு ஒன்று. பி.டி.எஃப்.இல் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்க வேண்டும், ஏனென்றால் யாரோ ஒரு பக்கத்தை மட்டும் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டால் அது பத்து வருடம் சுற்றும். பழைய பதிப்புகளை அழிக்காதீர்கள்.

ஷீட்டின் உரிமை ஒரே ஆளின் மின்னஞ்சலில் இருந்தால் அவர் துபாய்க்கு வேலைக்குப் போனதும் பதிவேடும் கூடவே போய்விடும். சங்கத்தின் பெயரில் ஒரு கணக்கு, கடவுச்சொல் இரண்டு பேரிடம், ஸ்கேன் செய்த ஆதாரங்கள் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் தனியாக. ஸ்கேன் கோப்புக்குப் பெயராக வரிசை எண்ணையே வையுங்கள்.

தொடங்கும்போது 60 வார்டையும் ஒரே வீச்சில் பிடிக்க நினைக்காதீர்கள். முதலில் பத்ம பட்டியலில் நம்ம மாவட்டத் தொடர்பு உள்ளவர்கள், அடுத்து 1947-க்கு முந்தைய பத்து வருட அரசிதழ்கள், அப்புறம் ஒரே ஒரு உள்ளாட்சியின் மினிட் புத்தகம். இந்த மூன்றும் முடிந்ததும் முதல் பதிப்பை வெளியிட்டுவிடலாம், எந்தெந்த ஆண்டுகளைப் பார்த்தோம், எவற்றை இன்னும் பார்க்கவில்லை என்பதை முதல் பக்கத்திலேயே அச்சடித்து.